எல்லோருக்கும் ஒரே கிண்ணம்

அன்று காலை என் மகள் தாரணிக்குச் செருப்பு நுழையவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண். பள்ளி திறந்தபோது வாங்கிய செருப்பு. "கால் வளந்துருச்சுங்கப்பா" என்று சிரித்தாள். என் மனைவி லதா குனிந்து அவள் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

மதுக்கரையில் எங்கள் தெருமுனை டாக்டர் முதலில் இரத்த அழுத்தம் பார்த்தார். கருவியைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தார். பிறகு தாரணியிடம், "மூத்திரம் போனா நுரை நிக்குதா, அம்மணி?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். அப்பா முன்னால் சொல்லக் கூச்சம். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் டாக்டரே வெளியே வந்து, கோயமுத்தூரில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனையின் பெயரைச் சொல்லி, "இன்னைக்கே போயிருங்க" என்றார். நாளைக்கு என்று அவர் சொல்லியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

நான் பம்ப் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கிறவன். பழுதான பம்பைப் பிரித்துப் பார்க்கலாம். போன பாகத்தை மாற்றலாம். சிறுநீரகத்தை அப்படிப் பிரிக்க முடியாது. முதுகுப் பக்கமாக நீண்ட ஊசியை விட்டு நூல் அளவு சதையை எடுத்துச் சோதித்தார்கள். பயாப்ஸி என்பது அதுதான். எடுத்த பிறகு நாள் முழுக்க அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். தாரணி கூரையைப் பார்த்தபடி கணக்குப் பாடச் சூத்திரங்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அரையாண்டுத் தேர்வு தவறிவிடும் என்பதுதான் அன்று அவளுக்கு இருந்த ஒரே கவலை.

சிறுநீரக மருத்துவர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்குகிற ஒரு பொருள், தவறிப்போய் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் படிந்து அவற்றைப் புண்ணாக்குகிறது. புண் ஆறும்போது அந்த இடம் தழும்பாகிறது. தழும்பு வடிகட்டாது. சத்தமில்லாமல் வருடக் கணக்கில் இது நடந்திருக்கிறது.

"ரெண்டு கிட்னியும் சேந்து மூணுல ஒரு பங்கு வேலைதான் செய்யுதுங்க" என்றார். "போனதைத் திருப்ப முடியாது. இருக்கறதைக் காப்பாத்தலாம். டயாலிசிஸ் இப்பத் தேவையில்லை. எத்தனை வருசம் அதைத் தள்ளிப்போடறமோ அத்தனையும் லாபம்."

லதா அழவில்லை. "சாப்பாடு என்னங்க டாக்டர் குடுக்கறது?" என்றாள்.

"உப்பைக் குறைங்க. கறி, மீன் கொஞ்சமாப் போதும். மத்தபடி ஹெல்தியா சாப்பிடட்டும். டயட்டீஷியன் சொல்லுவாங்க."

மத்தபடி. எழுதிக்கொண்டு போகும்போது இப்போதும் அந்த ஒரு வார்த்தையில் என் கை நின்றுவிடுகிறது. அவர் கெட்டவர் இல்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். மத்தபடி என்பதற்குள் அடங்கியிருந்ததை எல்லாம் சொல்ல அவருக்கு அன்று நேரமில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு கூடத்தில் உட்கார வைத்தார்கள். சனிக்கிழமைதோறும் நடக்கிற வகுப்பு. மூட்டு மாற்றிக்கொண்டவர், பிள்ளை பெற்றவள், இருதயத்தில் குழாய் வைத்தவர் என்று எல்லோரும் ஒரே கூடத்தில். திரையில் ஒரு பெரிய கிண்ணத்தின் படம். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று காய்கள். அதைப் பார்த்தாலே உடம்பு தேறிவிடும் போலிருந்தது.

இளவயதுப் பெண் ஒருவர் உற்சாகமாகப் பேசினார். டாக்டர் சொன்ன டயட்டீஷியன் இவர்தான் என்று நினைத்துக்கொண்டோம். "கிண்ணத்துல பாதி காயும் கீரையும் இருக்கோணும். கலர் கலரா இருந்தா நல்லது. கால் பங்கு தானியம். வெள்ளை அரிசி வேண்டாங்க. சிறுதானியம், சக்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி. மிச்சக் கால் பங்கு பயறு, பருப்பு. மேல ஒரு கை விதையும் கொட்டையும். டீ, காப்பிக்குப் பதிலா இளநீர் குடிங்க."

மூட்டு மாற்றிக்கொண்டவர் கை தூக்கினார். "ஏனுங் மேடம், கிண்ணம் எம்மாஞ் சைசுங்க? எங்கூட்டுல மாட்டுக்குத் தண்ணி காட்டறது ஒண்ணு கெடக்குதுங்க."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். லதா மட்டும் சிரிக்காமல் எழுந்து, "கிட்னி கம்ப்ளெயின்ட்டுக்கும் இதேதானுங்களா?" என்று கேட்டாள்.

"இது பேலன்ஸ்டு டயட்டுங்கம்மா. எல்லாத்துக்கும் நல்லது. நீங்க உப்பை மட்டும் மாத்திக்குங்க. கீழ நம்ம கடையிலயே சோடியம் கம்மியான உப்பு கெடைக்கும்."

சிறுநீரக நோயாளிகளுக்கென்று தனியாக ஒரு உணவு ஆலோசகர் அந்த மருத்துவமனையில் இருந்தார். அந்த வாரம் அவர் விடுப்பு. அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதையே எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்த நோயாளிக்குப் படுக்கை வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். நாங்களும் வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தோம். கீழே இறங்கிக் கடையில் அந்த உப்பை இரண்டு பாக்கெட் வாங்கினோம். பாக்கெட்டில் இருதயப் படம் போட்டிருந்தது.

லதா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. வாய் அகன்ற வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்றை வாங்கி வந்தாள். விடியற்காலையில் உழவர் சந்தைக்குப் போய் முருங்கைக்கீரை, பாலக்கீரை, பீட்ரூட், தக்காளி என்று பை நிறைய வாங்கிவந்தாள். பாதி காய், கால் பங்கு சக்கரைவள்ளி, கால் பங்கு முளைகட்டிய பயறு, மேலே பூசணி விதையும் மாதுளை முத்தும். காலையும் இரவும் அந்தக் கிண்ணம். பள்ளிக்கு டப்பாவிலும் அதே. தாரணிக்கு உயிரான அரிசி பருப்புச் சாதத்தை வீட்டில் ஆக்குவதே நின்றது. வெள்ளை அரிசி ஆகாதே.

"சப்புனு இருக்குதுங்கம்மா" என்பாள் தாரணி.

"இது நல்ல உப்புதாங் கண்ணு. வேணுங்கறதப் போட்டுக்க" என்று லதா இன்னொரு சிட்டிகை தூவுவாள்.

என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். வீட்டில் என்ன இருந்ததோ அதுதான் சாப்பாடு. கலர் பார்த்துச் சாப்பிட்டதில்லை. மேசைமேல் அந்தக் கிண்ணத்தைப் பார்க்கும்போது எனக்குள் ஒரு பெருமை இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. நோய் வந்தாலும் பிள்ளையை எப்படி வைத்திருக்கிறோம் பார் என்கிற பெருமை. சொந்தக்காரர்கள் போனில் கேட்டால் லதா கிண்ணத்தைப் படமெடுத்தே அனுப்புவாள். கட்டைவிரல்கள் வந்து விழும்.

லதாவின் அண்ணன் நடராசு மச்சான் கிணத்துக்கடவுப் பக்கம் இருக்கிறார். தென்னந்தோப்புகளில் இளநீர் வெட்டி லாரிக்கு ஏற்றுகிற வேலை. தாரணி மேல் அவருக்கு உயிர். அவருக்குப் பிள்ளை இல்லை. எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு யாரும் போகமாட்டார்கள். கடையில் வாங்கின ஆப்பிளும் ரொட்டியும் கொண்டுபோவது மச்சானுக்குப் பிடிக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மொபெட்டின் முன்னும் பின்னும் குலை குலையாகச் செவ்விளநீரைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். தோப்புக்காரரிடம் கேட்டு, தானே மரமேறி, ஒவ்வொரு காயாகத் தட்டிப் பார்த்து இறக்கியவை.

"மருந்தடிக்காத மரமுங்க மாப்ள" என்றார் என்னிடம். "கிட்னியக் களுவிட்டுப் போயிரும்."

வாசலிலேயே உட்கார்ந்து சீவிச் சீவிக் கொடுத்தார். தாரணி மாமனோடு பேசிக்கொண்டே இரண்டு குடித்தாள். மத்தியானம் மூன்றாவது. லதா வழுக்கையைச் சுரண்டி மாலைக் கிண்ணத்தில் போட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் தாரணி நாற்காலியிலிருந்து எழ முயன்றாள். முடியவில்லை. "என்ற காலு மாதிரியே இல்லீங்கப்பா" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுபடி முயன்று உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. மச்சான்தான் அவளைத் தூக்கிக் காரில் கிடத்தினார்.

அவசரப் பிரிவில் மார்பில் ஒயர்களை ஒட்டி இருதயத் துடிப்பின் கோட்டை எடுத்தார்கள். பணியிலிருந்த டாக்டருக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். தாளைப் பார்த்த உடனே நர்ஸைக் கூப்பிட்ட குரல் மாறிவிட்டது. மேடு மேடாக இருக்க வேண்டிய கோடு, கூடார முனைபோல் கூர்கூராக நின்றது. ஊசி, குளுக்கோஸ், மூக்கில் புகை என்று நாலு பேர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் ஏழைத் தாண்டியிருந்தது. ஐந்துக்குள் இருக்க வேண்டியது.

பொட்டாசியம் விஷம் இல்லை. கீரை, கிழங்கு, பருப்பு, பழம், விதை, இளநீர் என்று நல்லது என்று சொல்லப்படுகிற எல்லாவற்றிலும் இருக்கிற ஒரு தாது அது. நல்ல சிறுநீரகம் மிஞ்சியதை வெளியே தள்ளிவிடும். பழுதான சிறுநீரகம் தள்ளாது. அவள் சிறுநீரகத்தைக் காக்கக் கொடுத்த இரத்த அழுத்த மாத்திரையும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் தேக்கி வைக்கும். தேங்கினால் தசை சோரும். இருதயமும் தசைதான். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அது நின்றுவிடலாம். இதையெல்லாம் அன்றுதான் எனக்கு விளக்கினார்கள்.

"இன்னைக்கு என்ன சாப்பிட்டாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"எல்லாம் ஹெல்தியாத்தானுங்க டாக்டர்" என்று லதா சொல்ல ஆரம்பித்தாள். கீரை, பயறு, கிழங்கு என்று வரிசையாக வந்து இளநீரில் நின்றாள்.

"இளநீரா? எத்தனை?"

"மூணுங்க" என்று வாசலருகிலிருந்து மச்சான் குரல் கொடுத்தார். "நாந்தானுங்க சார் கொண்டாந்தேன்."

டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார். அது போதுமாக இருந்தது. லதா திரும்பி அத்தனை பேர் நடுவில், "என்ற புள்ளையக் கொன்னுபோட வந்தீங்களாண்ணா? உங்களுக்குப் புள்ளை இருந்தாத் தெரியும்" என்றாள். அப்படி ஒரு சொல்லை அவள் வாயில் நான் கேட்டதில்லை. மச்சான் கையிலிருந்த தாரணியின் செருப்பை நாற்காலிக்கு அடியில் சோடியாக வைத்துவிட்டு வெளியே போனார்.

கழுத்து நரம்பில் குழாய் போட்டு ஒருமுறை டயாலிசிஸ் செய்தார்கள். உடம்பு இரத்தத்தை இயந்திரத்துக்குள் விட்டுக் கழுவித் திருப்பி அனுப்புவது. வருடக் கணக்கில் தள்ளிப்போட வேண்டும் என்று சொன்ன அதே டயாலிசிஸ். சம்மதத் தாளில் நான் கையெழுத்துப் போட்டேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இரும்பு நாற்காலிகள். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரையொருவர் படுக்கை எண்ணைச் சொல்லித்தான் விசாரிப்பார்கள். "நாலாம் நம்பர்காரங்க சாப்புட்டீங்களா?" என்று பல்லடத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் தன் இட்லியில் பாதியை எங்களுக்குத் தள்ளினார். அவர் கணவர் உள்ளே நினைவில்லாமல் இருந்தார். கம்பெனியில் என் வேலையை இரண்டு பேர் பங்கு போட்டுச் செய்தார்கள். யாரும் என்னிடம் சொல்லவில்லை, பிறகுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் புடவையும் துண்டும் கொண்டுவந்தார். கூடவே ஒரு தூக்குப் போசி நிறைய ராகிக் கூழ். "புள்ளைக்கு ஒரு வாய் குடுங்க, தெம்பா இருக்கும்" என்றார். லதா அதைப் பிடுங்கிக் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டு வந்தாள். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மச்சான் மேலே வரவே இல்லை. நான் டீ குடிக்க இறங்கும்போதெல்லாம் இருசக்கர வண்டி நிறுத்தத்தில் தன் மொபெட்டின் மேல் உட்கார்ந்திருப்பார். "எந்திரிச்சு உக்காந்துருச்சுங்களா?" என்று மட்டும் கேட்பார். நான் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவேன். எனக்கும் அப்போது அவர் மேல் கோபம் இருந்தது. யார் மேலாவது இருந்தாக வேண்டியிருந்தது.

தாரணியை வார்டுக்கு மாற்றிய பிறகுதான் சிறுநீரகத்துக்கான உணவு ஆலோசகர் வந்தார். கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண். அவசரப்படாமல் உட்கார்ந்தார். இளநீரைப் பற்றி அவர் முதலில் கேட்கவே இல்லை. காலை எழுந்ததிலிருந்து என்னென்ன என்று கேட்டார். லதா போனை எடுத்துக் கிண்ணப் படங்களைக் காட்டினாள். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இது தெனமுங்களா?"

"ரெண்டு நேரமுங்க. பள்ளிக்கூடத்துக்கும் இதேதானுங்க."

"உப்பு?"

"உப்புப் போடறதே இல்லீங்க. உங்க கடையில சோடியம் கம்மியானது வாங்கினமில்லீங்களா, அதுதானுங்க."

அவர் போனை லதாவிடம் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதுல சோடியத்தைக் குறைச்சுட்டு அந்த எடத்துல பொட்டாசியத்தைத்தாங்க சேக்கறாங்க" என்றார். "பிரஷர்காரங்க சிலருக்கு ஆகும். கிட்னி பழுதானவங்க தொடவே கூடாது."

லதா என்னைப் பார்த்தாள். நான் தாரணியைப் பார்த்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப இளநீர்?" என்று நான் கேட்டேன்.

"அதுவும் தப்புதான். ஆனா அந்த மூணு இளநீர் இல்லீன்னாலும் இது வந்திருக்குமுங்க. கொஞ்ச நாள் தள்ளி வந்திருக்கும். உங்க கிண்ணமும் உப்பும் ரொம்ப நாளா ஏத்திக்கிட்டே இருந்திருக்குது."

நான் நிர்வாகியைப் பார்க்கப் போனேன். குளிரூட்டிய அறை. தண்ணீர் கொடுத்தார்கள். நடந்ததைச் சொன்னேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "அது பொதுவான விழிப்புணர்வு வகுப்புங்க சார். தனிப்பட்ட ஆலோசனைக்கு டாக்டரைப் பாருங்கன்னு கடைசி ஸ்லைடுல போட்டிருக்குது" என்றார். உப்புப் பாக்கெட்டின் பின்பக்கமும் சிறிய எழுத்தில் எச்சரிக்கை இருக்கிறதாம். வீட்டுக்கு வந்து பார்த்தேன். இருந்தது. படிப்பதற்கு என் கம்பெனியில் உலோகக் கீறல் பார்க்கிற லென்ஸை எடுத்துவர வேண்டியிருந்தது. ஒவ்வொரு தவறுக்கும் ஒரு சிறிய எழுத்து அவர்களிடம் இருந்தது. எங்களிடம் இல்லை. பில்லை முழுதாகக் கட்டிவிட்டுத்தான் அவளை அழைத்துவந்தோம். லிஃப்டுக்கு எதிரே அந்தப் பச்சைக் கிண்ணப் படம் ஒன்று புதிதாக ஒட்டியிருந்தார்கள்.

இப்போது எங்கள் வீட்டுக் கிண்ணம் எப்படி இருக்கும் என்று எழுதுகிறேன். இது தாரணியின் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து அவளுக்கென்று சொன்னது. யாரும் இதைப் பார்த்துத் தங்கள் வீட்டில் செய்ய வேண்டாம். உங்கள் வீட்டு நோயாளியின் அறிக்கையைப் பார்த்தவர் சொல்வதைச் செய்யுங்கள். உப்பை மாற்றச் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். எழுதுவதே இதற்காகத்தான்.

பாதிக் கிண்ணம் வெள்ளை அரிசிச் சோறு. ஆமாம், எல்லோரும் விரட்டுகிற அதே வெள்ளை அரிசி. அதில் பொட்டாசியம் குறைவு. சுரைக்காய், புடலங்காய், முட்டைக்கோஸ் இவற்றில் ஏதாவது ஒன்று. தோலைச் சீவி, பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஊற வைத்து, அதைக் கொட்டி, வேறு தண்ணீரில் வேக வைத்து, அதையும் வடித்துக் கொட்ட வேண்டும். பொட்டாசியத்தில் பெரும் பகுதி தண்ணீரோடு போய்விடும். ருசியும் போய்விடும். முட்டையின் வெள்ளைக் கரு அவர்கள் சொன்ன அளவு. ஒரு கரண்டி எண்ணெய், கொஞ்சம் மிளகு. சாதாரண உப்பு, விரல் நுனியில் ஒட்டுகிற அளவு. கீரை இல்லை, கிழங்கு இல்லை, விதை இல்லை. சமச்சீர் உணவு என்றால் உடம்புக்குத் தக்க சமன். அந்தக் கூடத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை.

ஆனால் தாரணி சாப்பிடவில்லை. இதுதான் வீட்டுக்கு வந்த பிறகு எங்களை ஆட்டிவைத்தது. கிண்ணத்தை முன்னால் வைத்தால் கரண்டியால் கிளறிக் கிளறிப் பார்ப்பாள். "இதுல எதுவும் இல்லீல்லங்கம்மா?" என்பாள். இரண்டு வாய்க்குமேல் இறங்காது. நெஞ்சில் கை வைத்துத் துடிப்பைப் பார்ப்பாள். சாப்பாட்டைப் பார்த்துப் பயப்படுகிற பிள்ளைக்கு என்ன சமாதானம் சொல்வது? நல்லதுதான் சாப்பிடு என்று சொல்லிச் சொல்லித்தானே கொடுத்தோம்? எங்கள் வாய்ச்சொல்லுக்கு அவளிடம் மதிப்புப் போயிருந்தது. எடை இறங்கியது. டாக்டர் என்னைத் தனியே அழைத்து, சாப்பிடாமல் இருந்தால் உடம்பு தன் தசையையே தின்னும், மிச்சமிருக்கிற சிறுநீரகத்துக்கு அந்தக் கழிவும் சுமை, இப்படியே போனால் மறுபடி இயந்திரம்தான் என்றார்.

அவள் வாய் திறந்து கேட்டது ஒன்றுதான். "மாமா ஏனுங்கப்பா வர்றதில்ல?"

லதா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. இளநீர் மட்டும் காரணமில்லை என்று தெரிந்த நாளிலிருந்து அவள் அண்ணனுக்குப் போன் செய்ய எடுப்பாள், வைத்துவிடுவாள். "என்னன்னுங்க பேசறது நானு? சொல்லக் கூடாததச் சொல்லிப்போட்டேனே" என்றாள் என்னிடம்.

நான் கிணத்துக்கடவு போனேன். மச்சான் தோப்பில் லாரிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த காயைக் கீழே வைத்தார். முகம் கறுத்துவிட்டது.

"புள்ளைக்கு என்னுங்க மாப்ள?"

"ஒண்ணுமில்லீங்க மச்சான். நல்லாருக்குது." உப்பையும் கிண்ணத்தையும் பற்றிச் சொன்னேன். உணவு ஆலோசகர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவர் சமாதானமடைவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஆனா நானுங் குடுத்தேனுங்களே" என்றார். "அதுல என்ற பங்கும் இருக்குதுங்களே."

"மச்சான், அது ஒண்ணும் சாப்புட மாட்டேங்குது. உங்களக் கேக்குது. ஞாயித்துக்கெழமை வாங்க."

"என்னத்தையுங்க மாப்ள கொண்டுக்கிட்டு வர்றது?"

"ஒண்ணுங் கொண்டு வராதீங்க."

"வெறுங்கையோட எப்படியுங்க நோவுக்காரப் புள்ளையப் பாக்க வர்றது?" என்றார்.

வந்தார். லதா கதவைத் திறந்தாள். "வாங்கண்ணா" என்றவள் உடனே உள்ளே போய்விட்டாள். மச்சான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"எளச்சுப்போயிட்டே கண்ணு" என்றார்.

"நீங்க மட்டும் என்னவாம்? கன்னமெல்லாம் உள்ள போயிருச்சு" என்றாள் தாரணி. "சாப்புட்டீங்களா மாமா?"

"ஆச்சு ஆச்சு."

"பொய். அம்மா, மாமாவுக்குச் சோறு."

லதா அவருக்கென்று கோழி வறுத்து வைத்திருந்தாள். இலையை எடுத்தபோது மச்சான் தடுத்தார். "புள்ளை திங்கறதே எனக்கும் குடு, லதா" என்றார். அத்தனை நாளுக்குப் பிறகு தங்கச்சியின் பெயரை அவர் சொன்னது அப்போதுதான். லதா மறுபேச்சுப் பேசாமல் இன்னொரு கிண்ணம் எடுத்து, சோறும் சுரைக்காயும் வெள்ளைக் கருவும் வைத்துக் கொடுத்தாள். கைகழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

மச்சான் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். அவர் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது என்று அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. தாரணிக்கும் தெரிந்தது.

"எப்படியிருக்குது மாமா?"

"நல்லாத்தான் இருக்குது."

"மறுபடியும் பொய்."

"செரி, காரையப் பூசறதுக்குக் கொழச்ச மாதிரி இருக்குது. போதுமா?"

தாரணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். கிளறிப் பார்க்கவில்லை. நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாய், நான்காவது வாய். மாமனிடம் எந்தத் தோப்பில் என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே அவள் பாதிக் கிண்ணத்தைத் தாண்டிவிட்டாள். குழாய்ச் சத்தம் நின்றது. லதா வாசற்படியில் வந்து நின்றாள்.

மச்சானுக்கும் தெம்பு வந்துவிட்டது. "இப்படியே நாள் தவறாமத் தின்னா, எல்லாம் செரியாப் போயிருமுங்களா மாப்ள?" என்றார் என்னைப் பார்த்து.

நான் லதாவைப் பார்த்தேன். லதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"செரியாப் போகாதுங்க மாமா" என்றாள் தாரணி. "போனது போனதுதான். மிச்சமிருக்கறது போகாம இருக்கும். அவ்வளவுதான்."

மச்சான் கை கிண்ணத்திலேயே நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு லதாவை. யாராவது இல்லை என்று சொல்வோம் என்று எதிர்பார்த்தார்.

"தின்னுங்க மாமா" என்றாள் அவள். "ஆறிப்போச்சுன்னா இன்னுங் கேவலமா இருக்கும்."